அரைப் புள்ளிக்காக நாமக்கல் போனேன்

நாற்பத்தேழு வயதில், பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் தோற்பதற்காக ஊர்விட்டு ஊர் போகிறவளைப் பற்றி அக்கம்பக்கம் என்ன பேசும் என்று எனக்குத் தெரியும். பேசட்டும். நாகர்கோவிலில் நான் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். கடைக்கு மேலே ஒரு மாடியறை. அங்கே நாலு மேசை, எட்டு நாற்காலி, மாலையானால் சதுரங்கம். சதுரங்க மன்றம் என்று பெயர்ப்பலகைகூட மாட்டியிருக்கிறோம். மன்றத்தில் ஒருவருக்கும் உலகத் தரப்புள்ளி, அதாவது ரேட்டிங், கிடையாது.

அந்த ரேட்டிங்கை வாங்குவதில் ஒரு கொடுமை இருக்கிறது. ஏற்கனவே ரேட்டிங் வைத்திருப்பவர்களோடு ஆடி, ஒரு போட்டியில் குறைந்தது அரைப் புள்ளியாவது எடுக்க வேண்டும். வென்றால் ஒன்று, டிரா ஆனால் அரை. அந்த அரையும் இல்லையென்றால் நாம் தோற்றதைக்கூட எழுதிக்கொள்ள மாட்டார்கள். போட்டிக்கு வந்ததாகவே கணக்கில்லை. மதுரையிலும் திருநெல்வேலியிலும் நான் அப்படி வராத ஆளாகத்தான் திரும்பினேன். நாமக்கல் பக்கத்தில் கோடை விடுமுறையில் ஒரு போட்டி என்று தெரிந்ததும், இதுதான் கடைசி என்று முடிவு செய்தேன். இதிலும் கிடைக்காவிட்டால் இனிப் போட்டி கிடையாது, மாடியோடு சரி. இதை வீட்டுக்காரரிடமும் சொல்லிவிட்டேன். அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே.

"முட்டைக்குப் பேர்போன ஊரு. பாத்து வாங்கிட்டு வா," என்றார். பஸ் ஏறும்வரை அவரோடு பேசவில்லை.

முதல் நாள் காலை நாமக்கல்லில் இறங்கியபோதே வெயில் தயாராக நின்றது. எங்கள் ஊரில் மே மாதம் என்றால் மத்தியானம் இருட்டிக்கொண்டு வந்து ஒரு மழையாவது பெய்யும். குளத்தில் தண்ணீர் கிடக்கும், காற்றில் ஈரம் இருக்கும். இங்கே வானம் துடைத்து வைத்ததுபோல் இருந்தது. ஊர் நடுவில் ஒரே கல்லாக நிற்கும் மலை, அந்தச் சூட்டை வாங்கி ஊருக்கே திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது. ஆனால் மனிதர்கள் அதற்கு நேர்மாறு. லாட்ஜில் சாவி கொடுத்தவர், டீ ஆற்றியவர், டவுன் பஸ் கண்டக்டர் என்று எல்லோரும் ஆளுக்கொரு 'ங்க' போட்டுப் பேசினார்கள். "பின்னால தள்ளி நில்லுங்க சாமி" என்று கண்டக்டர் அதட்டுவதே உபசாரம்போலக் கேட்டது. எங்கள் ஊர்க் கண்டக்டர் உபசரித்தாலே அதட்டல்போலத்தான் இருக்கும்.

போட்டி நடந்தது ஊருக்கு வெளியே ஒரு பெரிய விடுதிப் பள்ளிக்கூடத்தில். போகிற வழியெல்லாம் லாரி கட்டும் பட்டறைகள். சக்கரம் மட்டும் உள்ள லாரி, மண்டை மட்டும் உள்ள லாரி, புதுப் பெயின்டில் மணப்பெண்ணாக நிற்கும் லாரி. நடுநடுவே நீளநீளமான கோழிப்பண்ணைக் கொட்டகைகள். எங்கள் பஸ் ஒரு முட்டை வண்டிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. அட்டை அட்டையாக அடுக்கிய முட்டைகளோடு அது நிறைமாதக்காரிபோல நிதானமாகப் போனது. ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை. அந்த ஊர் மரியாதை அது போலிருக்கிறது.

அன்றைக்கு இரண்டு ஆட்டம், இரண்டிலும் தோல்வி. முதலில் ஒரு கல்லூரிப் பையன். அடுத்து இரட்டைச் சடை போட்ட ஒரு பெண். நான் யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் அவள் நகர்த்தல்களை எழுதும் தன் தாளின் ஓரத்தில் ஒரு மயிலையே வரைந்து முடித்துவிட்டாள். நல்ல மயில்தான். எனக்கு அதை ரசிக்கும் மனநிலை இல்லை.

இரவு ஒரு மெஸ்ஸில் அரிசியும் பருப்பும் ஒன்றாக வேகவைத்த சோறு போட்டார்கள். மேலே நெய், பக்கத்தில் அப்பளம். மீன் இல்லாமல் எனக்குச் சோறு இறங்காது என்று நினைத்திருந்தேன். மூன்றாவது தடவை வாங்கிச் சாப்பிட்டபோது அந்த எண்ணம் போய்விட்டது. பரிமாறிய அம்மாவிடம், எங்கள் ஊரில் மரச்சீனிக் கிழங்கை, அதாவது மரவள்ளியை, அவித்து மீன்கறியோடு சாப்பிடுவோம் என்று சொன்னேன்.

"குச்சிக்கிழங்கயா? மீனுக்கா?" என்றார் அவர். "இங்க எல்லாம் சவ்வரிசி மில்லுக்குப் போயிருமுங்க. நாங்க திங்கறதே கொஞ்சந்தான்."

இரண்டாம் நாள் காலை, நான் ஏறிய டவுன் பஸ் பாதி வழியில் படுத்துவிட்டது. சக்கரத்தைப் பார்த்த டிரைவர், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மரத்தடிக்குப் போனார். அது நம்பிக்கை தரும் நடையாக இல்லை. தாமதமாகப் போனால் ஆடாமலே தோற்றதாக எழுதிவிடுவார்கள். ரோட்டில் இறங்கி எதிர்ப்பட்ட வண்டிக்கெல்லாம் கை காட்டினேன். நின்றது ஒரு லாரி. முதுகு முழுக்க இரும்புக் குழாய்கள்.

"ஏனுங்க, பள்ளிக்கோடத்துக்குங்களா? செஸ்ஸுக்கா?" என்று மேலேயிருந்து ஒரு குரல் கேட்டது. "நேத்து உங்கள அங்க பாத்தனுங்க. நானும் அங்கதானுங்க. ஏறிக்குங்க அம்மணி."

சேலையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு அந்தக் கேபினில் ஏறியது தனி சாகசம். ஓட்டி வந்தவர் பெயர் அர்த்தநாரி. திருச்செங்கோட்டுக்காரர். அறுபது நெருங்கும் வயது, வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் மூன்று பேனா. ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி வைத்திருக்கிறார். ரிக்குக்குக் குழாய் சுமந்து போகும் துணை லாரி இது. கார் சர்வீசுக்குப் போய்விட்டதால் போட்டிக்கு லாரியில் வந்துகொண்டிருந்தார். ராஜஸ்தான், ஒடிசா என்று ரிக்கோடு அலைந்தவர். இரவில் கேம்பில் வேறு பொழுதுபோக்கு இல்லாமல் ஆடக் கற்றுக்கொண்டதாகச் சொன்னார். அவருக்கு ரேட்டிங் இருந்தது. அதிகமில்லை, ஆனால் இருந்தது.

நான் வாய் அடங்காதவள். அரைப் புள்ளிக் கதை முழுவதையும் பள்ளிக்கூட வாசல் வருவதற்குள் சொல்லி முடித்துவிட்டேன், கடைசிப் போட்டி என்பது உட்பட. அவர் ஸ்டியரிங்கைத் தட்டியபடி கேட்டுவிட்டுச் சொன்னார்.

"கெடைக்குமுங்க. ஒரு எடத்துல பொகையா வருதுன்னு ரிக்கத் திருப்பிட்டுப் போயிட முடியுங்களா? இன்னொரு பாயிண்ட்டுப் பாத்துப் போடோணும்."

தண்ணீர் இல்லாத இடத்தில் தோண்டினால் கல்மாவு புகையாகப் பறக்குமாம். அதைத்தான் புகை என்கிறார்கள்.

அன்றைக்கும் எனக்குப் புகைதான் வந்தது. மூன்றாம் நாள் காலை தோல்வி. மாலையில் எதிராளி வரவேயில்லை, ஒரு முழுப் புள்ளி கொடுத்தார்கள். துள்ளிக் குதித்தேன். ஆடாமல் கிடைத்த புள்ளி ரேட்டிங்குக்குச் சேராது என்று பக்கத்தில் நின்ற ஒரு தாய் சொல்லித்தான் தெரிந்தது. வேப்பமரத்தடியில் டிபன் டப்பாவோடு காத்திருக்கும் அந்தத் தாய்மார்களுக்கு விதி எல்லாம் மனப்பாடம்.

கடைசிச் சுற்றுக்கு யாரோடு யார் என்று அன்று சாயங்காலம் சுவரில் ஒட்டினார்கள். என் பெயருக்கு எதிரே அர்த்தநாரி.

லாட்ஜுக்குப் போனதும் வீட்டுக்காரரை அழைத்தேன். அவர் யோசிக்கவே இல்லை. "தெரிஞ்ச ஆளுதானே? டிரா தாங்கன்னு கேட்டுப் பாரு ஜெயா. தந்தா செரி, தராட்டா போட்டு, விட்டுரு." பிச்சையா எடுக்கச் சொல்கிறீர்கள் என்று கத்திவிட்டு போனை வைத்தேன். வைத்த பிறகு, கேட்டால் என்ன என்றுதான் படுக்கும்வரை நினைத்துக்கொண்டிருந்தேன். வெட்கம் கெட்ட மனசு.

நாலாம் நாள். அர்த்தநாரி எழுந்து நின்று கும்பிட்டுவிட்டுத்தான் கை கொடுத்தார். அவருக்கு வெள்ளைக் காய், எனக்குக் கறுப்பு. பத்துப் பன்னிரண்டு நகர்த்தல் போனது. பலகையில் பெரிய அடிதடி ஒன்றும் இல்லை. ஒரு சிப்பாயை நகர்த்தி, முறைப்படி கடிகாரத்தை அழுத்துவதற்கு முன்னால், "டிரா?" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

அவர் என்னைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "ஆடியே பாத்துருவோமுங்க."

காதெல்லாம் சுட்டது. வெட்கம், கோபம், இரண்டும் சேர்ந்த ஏதோ ஒன்று. ஆனால் அதற்குப் பிறகு நான் ஆடியதுபோல வாழ்நாளில் ஆடியதில்லை என்று அடித்துச் சொல்வேன். ராணிகள் வெட்டுப்பட்டன. யானைகள் போயின. அவர் கை ஓங்கித்தான் இருந்தது. குறுக்கே ஓடும் மந்திரி ஒன்று அவருக்கு அதிகம், என் சிப்பாய்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. கடைசியில் அவரிடம் ஒரு மந்திரி, ஒரு குதிரை, ஒரே ஒரு சிப்பாய். என்னிடம் ராஜாவும் ஒரு குதிரையும். அந்தச் சிப்பாய் கடைசிக் கட்டத்தைத் தொட்டால் ராணியாகிவிடும், கதை முடிந்தது. என் குதிரையைத் தூக்கி அந்தச் சிப்பாயை வெட்டினேன். பதிலுக்கு அவர் என் குதிரையை வெட்டினார். இப்போது என் பக்கம் ராஜா மட்டும், தன்னந்தனியாக.

பார்ப்பவர்களுக்கு நான் தொலைந்தவள். எனக்குள்ளே திருவிழா. ஏனென்றால் எனக்கு ஒரு விதி தெரியும். எதிராளியிடம் ராஜா மட்டும் மிஞ்சிவிட்டால் இருபத்தொரு நகர்த்தலுக்குள் அதைக் கட்டிவிட வேண்டும், அதாவது செக்மேட் செய்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஆட்டம் டிரா. எங்கள் வீட்டில் அண்ணன் சொல்லித்தந்த விதி. எங்கள் தெருவே அப்படித்தான் ஆடியது. மந்திரியும் குதிரையும் வைத்துக் கட்டுவது லேசுப்பட்ட வேலையும் இல்லை. மந்திரி ஓடும் நிறத்து மூலையில் மாட்டினால்தான் ராஜாவுக்கு ஆபத்து. அவருடைய மந்திரி வெள்ளைக் கட்டத்தில் ஓடுவது. நான் கறுப்பு மூலையைப் பார்த்து ஓடினேன்.

மனசுக்குள் எண்ணிக்கொண்டே ஓடினேன். பத்தொன்பது. இருபது. அர்த்தநாரி குதிரையை ஒரு கட்டத்தில் வைத்தார். இருபத்தொன்று. வைத்துவிட்டுத் தன் பேனாவை மூடிப் பாக்கெட்டில் செருகினார். இனி எழுதக்கூட வேண்டாம், இவள் அவ்வளவுதான் என்ற நினைப்பா? ஆத்திரம் பொங்கியது. கடிகாரத்தை நிறுத்திவிட்டு, பள்ளிக்கூடத்தில்போலக் கையைத் தூக்கினேன்.

நடுவர் வந்தார். ஆத்தூர்ப் பக்கத்துப் பெண், கழுத்தில் விசில்போல அடையாள அட்டை. "என்னம்மா?"

"டிரா. இருபத்தொன்று முடிந்துவிட்டது."

"என்ன இருபத்தொண்ணு?"

"ராஜா மட்டும்தானே இருக்கிறது. இருபத்தொரு நகர்த்தல்."

"அது எந்த ஊர் விதி?" என்றார் நடுவர். அவர் கேலி செய்யவில்லை, நிஜமாகவே கேட்டார். அதுதான் இன்னும் வலித்தது. பக்கத்து மேசையில் ஒருவர் சிரிப்பை அடக்க இருமினார். "அம்பதும்மா. ரெண்டு பேரும் அம்பது நகர்த்தல், எந்தக் காயும் வெட்டுப்படாம, சிப்பாய் நகராம. அப்பத்தான் டிரா கேக்கலாம். தப்பாக் கேட்டதால எதிராளிக்கு ரெண்டு நிமிசம் சேத்துத் தரணும். ஆடுங்க."

பூமி பிளக்கவில்லை. அர்த்தநாரி வாய் லேசாகத் திறந்தபடி நடுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். என் மடத்தனத்தில் மலைத்துப்போய்விட்டார் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு அவர் பேனாவை மறுபடி எடுத்தார்.

இன்னும் இருபத்தொன்பது. என் ராஜா ஓடிய ஓட்டத்தை எப்படிச் சொல்வது? மூலைக்குப் போகும், வெளியே எட்டிப் பார்க்கும், செக் வரும், மறுபடி உள்ளே பதுங்கும். அவர் குதிரை ஒரு பக்கம் மறித்தால் மந்திரி மறுபக்கம் மறிக்கும். அவர் ராஜா கையைக் கட்டிக்கொண்டு குறுக்கே நிற்கும். ஆட்டம் முடிந்தவர்கள் ஒவ்வொருவராக எங்கள் மேசையைச் சுற்றிக் கூடினார்கள். ஒருவரும் பேசக்கூடாது. ஆனால் மூச்சு விடுவதே கேட்டது. நடுவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு நகர்த்தலுக்கும் ஒரு கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

முப்பதைத் தாண்டியதும் அர்த்தநாரியும் எண்ண ஆரம்பித்துவிட்டார் என்று உதட்டைப் பார்த்தே தெரிந்தது. அதுவரை காயை மெல்ல நகர்த்தி வைத்தவர் இப்போது பட்பட்டென்று வைத்தார். நெற்றி வியர்வை பலகையில் ஒரு சொட்டு விழுந்தது, கர்சீப்பால் துடைத்தார். நாற்பது போனது. ஒரு முறை ராஜாவைத் தொட்டுவிட்டு எங்கே வைப்பது என்று தெரியாமல் அப்படியே உறைந்துபோனேன். நல்லவேளை, வைக்க இருந்தது ஒரே கட்டம்.

நாற்பத்தாறில் என் ராஜா கறுப்பு மூலையின் கடைசிக் கட்டத்தில் ஒண்டியிருந்தது. வெளியேற மூன்று கட்டம்தான். இரண்டை அவர் ராஜா பார்த்துக்கொண்டிருந்தது. மிச்சம் ஒன்று. அர்த்தநாரி மந்திரியைத் தூக்கி, பலகையின் அந்தக் கோடியிலிருந்து அந்த ஒன்றையும் அடைக்கும்படி டொக்கென்று வைத்தார். கடிகாரத்தில் அடித்தார். நாற்காலியில் சாய்ந்தார். கூட்டத்தில் யாரோ உச்சுக் கொட்டினார்கள்.

போக இடமில்லை. அங்கே, இங்கே, எங்கேயும் இல்லை. இன்னும் மூன்றே நகர்த்தல் தாங்கியிருந்தால் போதும், அதற்குள் போய்விட்டதே. தோல்வியை ஒத்துக்கொண்டு கை நீட்டுவதுதான் மரியாதை. கையை மேசைமேல் எடுத்தும் விட்டேன்.

எடுத்த கை பாதியில் நின்றது. போக இடமில்லை, சரி. ஆனால் என் ராஜாவை அடிப்பது யார்? மந்திரியா? அது பக்கத்துக் கட்டத்தைத்தான் பார்க்கிறது. குதிரையா? அது இன்னும் ஒரு தாவல் தள்ளி நிற்கிறது, அடுத்த நகர்த்தலில் வந்து என்னை முடிப்பதற்காக. அந்த அடுத்த நகர்த்தல் வர வேண்டுமென்றால் முதலில் நான் நகர வேண்டும். எனக்கு நகர இடமே இல்லை. ராஜாவுக்குச் செக்கும் இல்லை, நகர இடமும் இல்லை, வேறு காயும் இல்லை என்றால் ஆட்டம் அந்த நிமிஷமே டிரா. இது அண்ணன் விதி இல்லை. இது உலக விதி.

"செக் எங்கேங்க?" என்றேன். நான் 'ங்க' போட்டுப் பேசியதை அப்போது கவனிக்கவில்லை.

அர்த்தநாரி முன்னால் குனிந்தார். விரலால் காற்றில் ஒவ்வொரு கட்டமாகத் தொட்டுப் பார்த்தார். ஒரு முறை, இன்னொரு முறை. நடுவர் எழுந்து நின்று பார்த்தார், கடிகாரத்தை நிறுத்தினார். "ஸ்டேல்மேட். டிரா. ஆளுக்கு அரை."

நான் அழுதேன். அதை மறைத்து எழுத எனக்கு இஷ்டமில்லை. சுற்றி நின்ற பிள்ளைகள் கைதட்டக்கூடாத இடத்தில் கைதட்டினார்கள், நடுவர் அதட்டினார். மயில் வரைந்த பெண் என் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். அர்த்தநாரி தலையை ஆட்டியபடியே இருந்தார். பிறகு கடகடவென்று சிரித்தார்.

"ஆயிரம் அடி ஓட்டிப்போட்டேன். பொகைதானுங்க."

சாயங்காலம் அவரே என்னைப் பஸ் நிலையத்தில் விடுவதாகச் சொன்னார். லாரியில் குழாய்கள் கடகடத்துக்கொண்டு வந்தன. வீட்டுக்காரருக்கு போன் போட்டுக் காது கிழியக் கத்தி முடித்திருந்தேன். என் சந்தோஷத்தில் அர்த்தநாரியை நினைக்கவே இல்லையே என்று தோன்றி, "உங்களுக்கு வருத்தமா?" என்று கேட்டேன்.

"வருத்தமெல்லாம் ஒண்ணுமில்லீங்க." கியரை மாற்றினார். "ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்க மாட்டீங்களே? அந்த இருவத்தொண்ணு இருக்குதல்லங்க."

"அதை ஏன் இப்போது ஞாபகப்படுத்துகிறீர்கள்?"

"எங்க ரிக் கேம்ப்புலயும் அதே கணக்குத்தானுங்க. இத்தன வருசத்துல எனக்கு அந்த மாதிரி ஆட்டம் வந்ததே இல்ல, அதனால அம்பதுன்னு தெரியவே தெரியாது. இருவத்தொண்ணு ஆச்சுன்னு பேனாவ மூடிப் பாக்கெட்டுல வச்சுப்போட்டு, டிரா ஆயிருச்சுங்க அம்மணின்னு கையக் குடுக்கலாம்னு எந்திரிக்கப் பாத்தனுங்க. அதுக்குள்ள நீங்க நடுவரக் கூப்புட்டுட்டீங்க."

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. நாகர்கோவிலில் ஒரு தெருவும் ராஜஸ்தானில் ஒரு ரிக் கேம்ப்பும் ஒரே தப்பை வருஷக்கணக்காக மனப்பாடம் செய்து வைத்திருக்கின்றன. நான் இன்னும் ஒரு மூச்சு பொறுத்திருந்தால், அந்த அரைப் புள்ளி தானாக மேசையைத் தாண்டி என் கைக்கு வந்திருக்கும். அதை நானே பிடித்துத் தள்ளிவிட்டு, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மூலை மூலையாக ஓடி, திரும்பப் பிடித்து வந்திருக்கிறேன்.

"அப்படியே கொடுத்திருந்தால் நான் வாங்கியிருப்பேன்," என்றேன்.

"நானும் குடுத்திருப்பனுங்க," என்றார் அவர். "ரெண்டு பேரும் பேசாம ஊடு போய்ச் சேந்திருப்போம்."

அவர் சொன்ன விதத்தில் எனக்குச் சிரிப்பு பீறிட்டது. அவரும் சிரித்தார். பஸ் நிலையத்தில் லாரி நின்ற பிறகும் இருவரும் இறங்காமல் சிரித்துக்கொண்டிருந்தோம், பின்னால் ஒரு டவுன் பஸ் ஹாரன் அடிக்கும்வரை.